றோசலினைப் பேசின கதை

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டில் மொன்றியலில் புதுத் தமிழ்ப் பாட்டுக் கேட்க எங்களுக்கு இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று, றொறன்ரோவுக்குப் போய்வந்த யாரிடமாவது கசெற்றை இரவல் வாங்கி இன்னொரு கசெற்றில் அடிப்பது, அதாவது பிரதி எடுப்பது. அடித்ததை வாங்கி ஒருவர் அடிக்க, அதை வாங்கி இன்னொருவர் அடிக்க, எங்கள் வீட்டுக்கு வந்து சேரும்போது பாடுகிறது ஆணா பெண்ணா என்றே பிடிபடாது. மற்றது, சனிக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்கு ஒரு சின்ன வானொலி நிலையம் தமிழுக்கென்று தந்திருந்த அரை மணித்தியாலம்.

அதை நடத்தியவர் மணிவாசகம். தமிழ்நாட்டுக்காரர், எஞ்சினியர், பியர்பொன்ட்ஸில் சொந்த வீடு. சனிக்கிழமை மூன்றரைக்கே நிலையத்துக்கு வந்து தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். கேட்பவர்கள் தொலைபேசி எடுத்து, தங்களுக்குப் பிடித்த பாட்டைச் சொல்ல வேண்டும். ஆகக் கூடுதலான ஆட்கள் கேட்ட பாட்டு முதலிடம். 'இந்த வாரப் பத்து' என்று பேர். அரை மணித்தியாலத்துக்குள் பத்துப் பாட்டு அடங்காது என்பதால், பத்திலிருந்து நாலு வரைக்கும் இரண்டிரண்டு வரிதான். முதல் மூன்றும் முழுசாக வரும்.

எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கோட்-டெ-நெய்ஜில் மூன்றாம் மாடியில் வீடு. தையல் தொழிற்சாலையில் காற்சட்டைக்குப் பொக்கற் வைக்கிற வேலை. வயசுக்கு ஏற்ற புத்தி இருந்திருந்தால் இந்தக் கதை நடந்திராது.

அந்த இலையுதிர் காலத்தில் முதலிடத்துக்கு இரண்டு பாட்டுகள் அடிபட்டன. ஒன்று புல்லாங்குழலில் தொடங்கி மெதுவாக நடக்கிற பாட்டு. நான் அதன் கட்சி. மற்றது, மெசின் அடிக்கிற மேளத்தோடு, நடுவில் ஒருவன் மூச்சு விடாமல் எதையோ ஒப்புவிக்கிற பாட்டு. அவன் என்ன சொல்கிறான் என்று ஒருவருக்கும் விளங்காது. ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம். நான் அதற்குத் 'தடக்குப் பாட்டு' என்று பேர் வைத்திருந்தேன். கிழமையில் ஐந்து நாளும் தையல் மெசினில் கேட்கிற சத்தத்தைச் சனிக்கிழமையும் கேட்க வேண்டுமா என்று வழியில் கண்டவர்களிடமெல்லாம் கேட்பேன். தொழிற்சாலையில் அந்தத் தாளத்துக்குத்தான் என் கால் பெடலை மிதித்தது என்பதையும், அந்தப் பாட்டு வந்த மாதத்தில்தான் நான் ஆகக் கூடுதலான பொக்கற் தைத்தேன் என்பதையும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் முதல் சனிக்கிழமை மணிவாசகம் ஒரு செய்தி சொன்னார்.

"நேயர்களே, இந்த நிலையத்துல நம்ம நிகழ்ச்சியை யாரும் கேக்கறதில்லைன்னு ஒரு எண்ணம் இருக்கு. வாரத்துக்கு எட்டு போன்தான் வருதாம். இந்த மாசம் கடைசிச் சனிக்கிழமை, ஒரே நாள்ல அம்பது போன் வரணும். வரலைன்னா டிசம்பர்லேருந்து இந்த அரை மணி நேரம் நமக்குக் கிடையாது."

நான் வானொலியை நிறுத்திவிட்டு என் மனுசனிடம் போனேன். அவர் சண்முகலிங்கம், அந்த நேரம் ஐஸ் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாருங்கோ, அம்பது ஆக்கள் வேணுமாம்."

"எதுக்கு? ஊர்வலத்துக்கோ?"

"ரேடியோவுக்கு எடுக்க. இல்லாட்டி தமிழை நிப்பாட்டிப் போடுவாங்களாம்."

"வீட்டிலை நீர் நிப்பாட்டாமல்தானே கதைக்கிறீர். தமிழுக்கு என்ன குறை?"

அவரோடு கதைத்துப் பிரயோசனமில்லை. அந்த அரை மணித்தியாலம் எனக்கு எவ்வளவு பெரிசு என்று அவருக்கு விளங்காது. கிழமை முழுக்க ஃபோர்மன் பிரெஞ்சில் கத்துவான். பக்கத்து மெசின்காரி போர்த்துக்கீசில் பாடுவாள். சனிக்கிழமை நாலரைக்கு மட்டும் ஒரு மனுசன் தமிழில் என் பேரைச் சொல்லுவார்: "கோட்-டெ-நெய்ஜிலிருந்து குணேஸ்வரி அம்மா." சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. பாட்டைவிட எனக்கு அந்தப் பேர்தான் முக்கியம். இனி அது போய்விடுமாம்.

அடுத்த கிழமை முதல் நான் பல பேராக எடுக்கத் தொடங்கினேன். கடைசிச் சனிக்குப் பழகவேண்டும் என்று எனக்கே ஒரு சாட்டு. கூடவே புல்லாங்குழல் பாட்டுக்கும் ஓட்டு விழும். நான் அவ்வளவு கெட்டிக்காரி.

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு குரல்.

"ஹலோ, யார் பேசறீங்க?"

"வேர்டனிலையிருந்து அன்னலட்சுமி. அந்தப் புல்லாங்குழல் பாட்டைப் போடுங்கோ."

இருமி இருமி ஒரு குரல். அது எழுபது வயது மனுசி. என் மனுசன் மற்ற அறையிலிருந்து கேட்டார்: "ஆருக்கு என்ன? தண்ணி கொண்டுவரட்டோ?" வாய்க்குள் வெற்றிலை இருக்கிற மாதிரி இன்னொரு குரல். மணிவாசகத்துக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஒருமுறை மட்டும் சொன்னார்:

"உங்க ஊர் அம்மாக்கள் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒரே குரலா இருக்குங்க."

"ஓம் ஐயா. எங்கட தண்ணி அப்பிடி" என்றேன்.

மூன்றாவது சனிக்கிழமை எனக்குப் பேர்கள் முடிந்துவிட்டன. புதிதாக ஒன்றைக் கட்டி எழுப்பவும் தெரியவில்லை. அப்போதுதான் றோசலினின் ஞாபகம் வந்தது. றோசலின் முந்தித் தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மெசின். பிறகு லவாலில் வீடு வாங்கிக்கொண்டு போனவள். சனிப் பின்னேரம் அவள் மாதா கோவிலில் பூசைக்கு நிற்பாள். வானொலி கேட்கவே மாட்டாள். இதைவிடப் பாதுகாப்பான பேர் மொன்றியலில் இல்லை என்று நினைத்தேன்.

"நான் லவாலிலையிருந்து றோசலின். எனக்கு அந்தப் புல்லாங்குழலைக் கேட்டால் கண்ணாலை தண்ணி வரும் ஐயா."

"அப்படிங்களா! எனக்கும் அதேதாங்க. இந்த மிஷின் மேளம் எல்லாம் நமக்கு ஒத்துவராதுங்க."

அவ்வளவுதான். இரண்டு பேரும் சேர்ந்து தடக்குப் பாட்டைக் கிழித்தோம். புதுப்பாட்டில் சொல் இல்லை என்றேன் நான். இருக்கிற சொல்லும் காதுல விழலை என்றார் அவர். முழுசாகப் பத்து நிமிடம். என்னை இவ்வளவு நேரம் ஒரு படித்த மனுசன் குறுக்கே பேசாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் வேறொருத்தியின் பேரில்.

நாலரைக்கு நிகழ்ச்சி தொடங்கியது. மணிவாசகம் சந்தோசமாகச் சொன்னார்:

"லவால்லேருந்து றோசலின் அம்மா போன் பண்ணாங்க. பத்து நிமிஷம் போன்லயே நல்லாப் பேசிட்டேன். மனசுக்கு ரொம்ப நிறைவா இருந்துச்சு!"

நான் பூரித்துப்போய் இருந்தேன். நானல்லவா அந்த றோசலின். அதை வேறு ஆட்கள் எந்தக் காதால் கேட்பார்கள் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

செவ்வாய்க்கிழமை வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுகிறேன், தொலைபேசி அடிக்கிறது.

"குணமக்கா! நான் றோசலின்."

ஒரு காலில் சப்பாத்தோடு கதிரையில் இருந்தேன்.

"சொல்லு பிள்ளை."

"உந்த ரேடியோக்காரன் என்னைப் பேசினவனாம், அக்கா!"

"ஆர் சொன்னது?"

"கோயிலடியிலை எல்லாரும் கதைக்கினம். ஊருலகம் கேக்க, என்ரை பேரைச் சொல்லி, பத்து நிமிசம் நல்லாப் பேசிட்டன் எண்டவனாம். பேசிப்போட்டு மனசு நிறைஞ்சு போச்சாம்! நான் அந்த மனுசனைக் கண்ணாலையும் காணேல்லை!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தமிழ்நாட்டில் பேசுவதென்றால் கதைப்பது. எங்கள் ஆட்களுக்கு ஒருவர் ஒருவரைப் பேசினார் என்றால் ஏசினார் என்றுதான். படத்தில் வந்தால் விளங்கிக்கொள்வோம்தான். ஆனால் தெரிந்த ஒருத்தியின் பேரைச் சொல்லி, 'நல்லாப் பேசிட்டேன், நிறைவா இருந்துச்சு' என்றால் எந்த யாழ்ப்பாணத்துக் காது பொறுக்கும்? அதுவும் இரண்டு வாய் மாறிப் போனபிறகு?

ரிசீவரை வேறு யாரோ பறித்தார்கள். றோசலினின் மனுசன் பத்திநாதர்.

"அக்கா, உங்களுக்கு அந்தாளைத் தெரியுமாமே? என்ன நினைச்சுக்கொண்டிருக்கிறார் அவர்? எங்கட பொம்பிளையளை ரேடியோவிலை பேச அவருக்கு ஆர் அதிகாரம் குடுத்தது? வாற சனி பாருங்கோ. கோயில் பங்கு ஆக்கள் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். ஒவ்வொருத்தரா எடுத்துக் குடுக்கப் போறம்."

நான் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். 'தம்பி, அவர் ஒருத்தரையும் ஏசவில்லை. கதைத்ததும் உன் மனுசியோடு இல்லை, என்னோடுதான்.' ஒரு வசனம். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"எத்தினை பேர் எடுப்பினம், தம்பி?"

"ஒரு நாப்பது பேர் எண்டாலும் எடுப்பினம்."

நாற்பது. வழக்கமான எட்டோடு நாற்பத்தெட்டு. என் மனசு அவ்வளவு கெதியாகக் கூட்டிப் பார்த்ததை நினைத்தால் இன்றைக்கும் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"சரியான வேலை, தம்பி. நல்லா எடுத்துக் குடுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை வீட்டில் இருக்க முடியவில்லை. பஸ்ஸில் நாலு தரிப்புத் தள்ளித்தான் நிலையம். நாலே காலுக்குப் போனேன். வாசலில் அக்னெஸ் என்ற கியூபெக் பெண், கதவையும் தொலைபேசியையும் பார்ப்பவள், ஒரு தாளில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தாள். வருகிற ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு கோடு. அந்தத் தாளைத்தான் நிர்வாகி பார்க்கப் போகிறார். அவளுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது.

"பொன்ஜூர் மடாம்! இருபத்திரண்டு!" என்று பிரெஞ்சில் சொல்லிக் கையைக் காட்டினாள். "உங்கள் மக்களுக்கு இசை என்றால் இவ்வளவு உயிரா? சிலர் அழுகிறார்கள்!"

உள்ளே மணிவாசகம் வேர்த்துப்போய் இருந்தார். தொலைபேசியின் சத்தம் வெளியில் கேட்கிற மாதிரி வைத்திருந்ததால் இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது.

"நீங்கள் றோசலினைப் பேசினனீங்களோ, இல்லையோ?"

"ஆமாங்க, பேசினேன்."

"கூசாமல் சொல்லிறார் பார்! ஏன் பேசினனீங்கள்?"

"பாட்டைப் பத்தித்தாங்க. அவங்களும் பேசினாங்க."

"அவ பேசுவாவோ? அவ ஒரு எறும்பையும் பேசமாட்டா!"

"இல்லைங்க, ரொம்ப நல்லாப் பேசினாங்க. அடுத்த வாரமும் அவங்களைப் பேச வைக்கலாம்னு இருக்கேன்."

"அடுத்த கிழமையுமோ!" அந்தப் பக்கத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். பிறகு, "வையுங்கோ போனை! ... பொறுங்கோ, வைக்க முதல் அந்தத் தடக்குத் தடக்கெண்ட பாட்டை எழுதிக்கொள்ளுங்கோ. பிள்ளையள் கேக்குதுகள்."

மணிவாசகம் எழுதிக்கொண்டார். நாலரைக்கு நிகழ்ச்சி தொடங்கி நாலைந்து பாட்டுப் போனபிறகுதான் என்னைக் கண்டு எழும்பினார்.

"வாங்க குணேஸ்வரி அம்மா. நீங்களாவது சொல்லுங்க. நான் என்ன தப்புப் பண்ணேன்? வந்ததிலேருந்து ஒவ்வொருத்தரா என்னைக் கிழிக்கிறாங்க. பொம்பளைங்களை மதிக்கத் தெரியாதவன்னு ஒருத்தர் சொல்றார். ஒரு அம்மா, நேத்தே எங்க வீட்டு நம்பரைக் கண்டுபிடிச்சு என் வைஃப் கிட்டயே சொல்லிட்டாங்க. அனுசூயா என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்லை."

"ஐயா, எங்கட ஆக்களுக்குப் பேசிறதெண்டால் ஏசிறது."

"ஏசறதா?"

"திட்டுறது."

அவர் கதிரையில் திரும்பவும் இருந்தார். உதட்டை அசைத்து, தான் சொன்னதையெல்லாம் ஒருமுறை திரும்பச் சொல்லிப் பார்த்தார். 'மனசுக்கு நிறைவா' என்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயய்யோ. இப்பவே மைக்குல சொல்லிடறேன்."

"சொன்னால் எடுக்கிறதை நிப்பாட்டிப் போடுவினம் ஐயா" என்றேன். அப்போது நாலு நாற்பது. நாலாம் இடத்துப் பாட்டின் இரண்டு வரி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே அக்னெஸ் முப்பத்தெட்டு என்று விரலால் காட்டினாள். "இன்னும் பன்னிரண்டு வேணும்" என்று ஐயாவுக்குச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். நல்ல மனுசன், சத்தம் போடவில்லை.

"அம்மா, இந்த நிகழ்ச்சி எனக்கும் உசிருதான். ஆனா ஊர் முழுக்க என்னைப் பொம்பளைங்களைத் திட்டறவன்னு நெனைச்சா, அப்புறம் இந்த மைக்குல உக்காந்து யாருக்குப் பாட்டுப் போடறது? நான் றோசலின் அம்மாவுக்கே போன் பண்ணி, அன்னிக்கு எவ்வளவு அன்பாப் பேசினோம்னு அவங்களையே சொல்லச் சொல்றேன்."

"வேண்டாம் ஐயா!"

"ஏன்?"

இதற்குமேல் ஒளிக்க இடமில்லை.

"அண்டைக்கு உங்களோட கதைச்சது றோசலின் இல்லை. நான்தான்."

"நீங்களா?"

"வேர்டன் அன்னலட்சுமியும் நான்தான்."

"அந்த இருமல் பாட்டி?"

"அதுவும்."

அவர் பேனையை மேசையில் வைத்தார். பிறகு கேட்ட ஒரே கேள்வி: "அன்னிக்கு, அந்த மிஷின் மேளத்தைப் பத்தி நீங்க சொன்னதெல்லாம் நெசமாவே உங்க கருத்துதானே?" ஓம் என்றேன். அந்த மனுசனுக்கு அதில்தான் ஒரு ஆறுதல்.

அரை மணித்தியாலம் போனாலும் போகட்டும் என்று நினைத்தேன். என் பேரை வானொலியில் கேட்கிற ஆசையால் ஒரு மனுசனின் பேரைக் கெடுத்துவிட்டு, அதே வானொலியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? "மைக்கைத் தாங்கோ" என்றேன்.

பாட்டு நின்றது. அவர் விரலைக் காட்டினார்.

"வணக்கம். நான் கோட்-டெ-நெய்ஜ் குணேஸ்வரி. மணிவாசகம் ஐயா றோசலினைப் பேசேல்லை. அவரின்ரை ஊரிலை பேசிறதெண்டால் கதைக்கிறது. அவர் றோசலினோட கதைக்கவும் இல்லை. றோசலினெண்டு சொல்லி, புல்லாங்குழல் பாட்டைக் கேட்டால் கண்ணாலை தண்ணி வருமெண்டு கதைச்சது நான். மூக்கைப் பிடிச்சுக்கொண்டு வேர்டன் அன்னலட்சுமியெண்டும், இன்னும் கொஞ்சப் பேரின்ரை பேரிலையும் எடுத்தனான். எல்லாரும் என்னை மன்னிக்கோணும். ஐயாவைப் பேசாதேங்கோ. பேசிறதெண்டால் என்னைப் பேசுங்கோ."

மூன்றாமிடத்துப் பாட்டைப் போட்டார். தொலைபேசி அடிக்கவில்லை. அக்னெஸ் ரிசீவரைத் தூக்கி, வேலை செய்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தாள். முப்பத்தொன்பதில் நின்றது. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. முடிந்தது என்று நான் கையுறையைப் போடத் தொடங்கினேன்.

அடித்தது.

"குணமக்கா நிக்கிறாவோ? அவவிட்டைக் குடுங்கோ!" றோசலின்.

"நான்தான் பிள்ளை."

"எத்தினை பேர் இருக்கினம் இந்த ஊரிலை! என்ரை பேர்தானோ கிடைச்சது உங்களுக்கு? அதுக்கும் என்ன பாட்டுக் கேட்டனீங்கள்? அந்த நித்திரைப் பாட்டோ! அதுக்கு நான் அழுதனானோ? நாளைக்கு ஆக்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பினம்? எனக்குப் பிடிச்சது தடக்குப் பாட்டு. அதை எழுதச் சொல்லுங்கோ!"

வைத்தவுடன் நிலையத்தின் மற்றத் தொலைபேசி அடித்தது.

"வேர்டனிலையிருந்து அன்னலட்சுமி கதைக்கிறன். உண்மையான அன்னலட்சுமி! எனக்கு மூக்கு அடைச்சிருக்கெண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

அதன்பிறகு இரண்டு இணைப்பும் ஓயவில்லை. முதல் எடுத்து ஐயாவை ஏசியவர்கள் திரும்ப எடுத்து அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, என்னிடம் தரச் சொன்னார்கள். ஐயாவை ஏச இருந்தவர்கள், ஆயத்தம் பண்ணின வசனம் வீணாகப் போகக்கூடாதென்று என்னை ஏசினார்கள். பத்திநாதர் மட்டும் மரியாதையாக, "அக்கா, நல்லா எடுத்துக் குடுங்கோ எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்று தொடங்கினார். இடையில் ஒரு ஆண் குரல், "இனியாவது ஆள் எப்ப வீட்டுக்கு வரும்? தேத்தண்ணி போடத் தேயிலை எங்கை?" என்று கேட்டது. அது என் மனுசன். அதற்கும் ஒரு கோடு விழுந்தது.

நாலு ஐம்பத்துமூன்றுக்கு அக்னெஸ் கண்ணாடியைத் தட்டி, இரண்டு கையையும் விரித்து ஐந்து முறை காட்டினாள். ஐம்பது. மணிவாசகம் கையெடுத்துக் கும்பிட்டார். என்னையா அவளையா என்று தெரியவில்லை. அவள் கோடு போடுவதை நிறுத்தவில்லை.

"அம்மா, முதலிடம் சொல்லணும்" என்றார் அவர், தன் தாளைப் பார்த்தபடி. "தடக்குப் பாட்டுதாங்க. பக்கத்துலயே வேற எதுவும் இல்லை."

"புல்லாங்குழல் எத்தினையாம் இடம்?"

"அது பத்துக்குள்ளயே வரலைங்க. இன்னிக்கு அதுக்கு ஒரு ஓட்டுகூட விழலை."

"இவ்வளவு பேரிலை ஒருத்தருமோ கேக்கேல்லை?"

"ஒருத்தரும் இல்லைங்க. போன வாரங்கள்ல விழுந்ததெல்லாம்கூட..." என்று தொடங்கி, அப்படியே நிறுத்திக்கொண்டார். தமிழ்நாட்டு மரியாதை.

முதலிடத்துப் பாட்டு அன்றைக்கு முழுசாகப் போனது. அக்னெஸ் வாசலில் நின்று தோளைக் குலுக்கி ஆடினாள். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. என் காதில் ரிசீவர் இருந்தது. முன்பின் தெரியாத ஒரு மனுசி, லவாலோ எங்கேயோ, மூச்சு விடாமல் என்னைப் பேசிக்கொண்டிருந்தாள்.